மூடியின் உள்வளையம்: ஐரோப்பாவின் எஸ்போ விவகாரம் ஒரு நிகழ்வு ஆய்வு

கண்ணாடி ஜாடியில் அடைத்த உணவுக்கு எப்போதும் ஒரு நல்ல பெயர் உண்டு. கண்ணாடியிலிருந்து உணவுக்குள் இறங்குவது அநேகமாக ஒன்றுமில்லை. அந்த நல்ல பெயர் நியாயமானதே. ஆனால் ஜாடியை மூடுவது கண்ணாடி அல்ல. திருகித் திறக்கும் தகர மூடியின் உள்விளிம்பில் வெள்ளையாகவோ நீலமாகவோ ஒரு மெத்தென்ற வளையம் இருக்கும். எடை ஏறக்குறைய 1 கிராம். 2003 முதல் 2011 வரை ஐரோப்பாவின் உணவுப் பொதிவுச் சட்டத்தைத் தலைகீழாகப் புரட்டியது இந்த வளையம்தான்.

அப்போது சட்டத்தில் வரம்பு இல்லாமல் இல்லை. ஒரு கிலோ உணவில் பிளாஸ்டிக்கிலிருந்து மொத்தமாக 60 மில்லிகிராமுக்கு மேல் கலக்கக் கூடாது என்ற விதி பல ஆண்டுகளாக நடப்பில் இருந்தது. வளையத்திலிருந்து உணவுக்குள் கலந்த எஸ்போ என்ற வேதிப்பொருளும் புதிதல்ல; அனுமதிப் பட்டியலில் இருந்ததுதான். வரம்பும் பட்டியலும் இருந்தும் வரம்பைப் போல் பல மடங்கு உணவில் இறங்கியது எப்படி என்பதே இந்த ஆய்வின் கேள்வி. வரம்பை எதன்மீது வைத்து எண்ணுவது என்பதில்தான் ஓட்டை இருந்தது என்பது எங்கள் முடிவு.

வளையத்துக்குள் என்ன இருக்கிறது

கேஸ்கெட் என்று தொழிலில் சொல்லும் இந்த வளையம் பி.வி.சி. பிளாஸ்டிசோல். நுண்தூளான பி.வி.சி. ரெசினை, அதை நெகிழ்வாக்கும் திரவமான பிளாஸ்டிசைசரில் கலக்கினால் கெட்டியான பசை கிடைக்கும். மூடியைச் சுழலவிட்டு, அதன் விளிம்பில் முனைக்குழாய் வழியாக இந்தப் பசையை ஊற்றுவார்கள். பிறகு 200 டிகிரி செல்சியஸ் அளவிலான அடுப்பில் ஓரிரு நிமிடம். அந்தச் சூட்டில் ரெசின் பிளாஸ்டிசைசரை உறிஞ்சி ரப்பர் போன்ற வளையமாக இறுகும்.

கலவையில் பிளாஸ்டிசைசரின் பங்கு பொதுவாக 25 முதல் 45 சதவீதம். அதாவது வளையத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பாலிமரோடு வேதிப்பிணைப்பு எதுவும் இல்லாத திரவம். இது ஆடம்பரத்துக்காகச் சேர்ப்பதல்ல. கண்ணாடி விளிம்பு வளையத்தில் அழுந்திப் பதிய வேண்டும், வெற்றிடம் மாதக்கணக்கில் நிற்க வேண்டும், 121 டிகிரி நீராவிக் கிருமிநீக்கத்திலும் வளையம் வழியக் கூடாது, கடைசியில் வீட்டில் ஒரு கை திருகலில் மூடி திறக்கவும் வேண்டும். பிளாஸ்டிசைசரைக் குறைத்தால் வளையம் விறைத்து வெற்றிடம் கசியும். கூட்டினால் கண்ணாடி விளிம்பு வளையத்தை வெட்டிக்கொண்டு தகரம்வரை போய்விடும்.

மீதிச் சேர்மானங்கள் அளவில் சிறியவை: மூடி இலகுவாகத் திருக ஒலியமைடு, எரூக்கமைடு போன்ற வழுக்கிகள், சிலிக்கோன் எண்ணெய், நிறத்துக்கு டைட்டானியம் டைஆக்சைடு, சூட்டில் பி.வி.சி. சிதையாமலிருக்க நிலைப்படுத்திகள், வளையத்தை நுரைபோல் உப்பவைக்க ஊதுபொருள்.

பிளாஸ்டிசைசராக அதிகம் பயன்பட்டது எபாக்சிடேற்றிய சோயா எண்ணெய்; சுருக்கமாக எஸ்போ. இதற்கு இரட்டை வேலை. வளையத்தை மெதுவாக்கும், பி.வி.சி. சூட்டில் உதிர்க்கும் ஹைட்ரஜன் குளோரைடைத் தன் மூலக்கூறில் உள்ள எபாக்சி தொகுதியால் பிடித்து அடக்கவும் செய்யும். அப்படிப் பிடிக்கும்போது எஸ்போவின் ஒரு சிறு பகுதி குளோரோஹைட்ரின்களாக மாறிவிடுகிறது. அனுமதிப் பட்டியலில் இருக்கும் பெயர் எஸ்போ. உணவுக்குள் போவது எஸ்போவும் அதன் வினைப்பொருள்களும்.

முதல் மணி: செமிகார்பசைடு, 2003

விவகாரம் தொடங்கியது பிளாஸ்டிசைசரில் அல்ல, ஊதுபொருளில். ஊதுபொருளாகப் பயன்பட்ட அசோடைகார்பனமைடு சூட்டில் சிதைந்து நைட்ரஜன் முதலான வாயுக்களை வெளியிட்டு வளையத்தில் நுண்குமிழிகளை உண்டாக்கும். அதே சிதைவில் மிகச் சிறு அளவில் செமிகார்பசைடு என்ற வேதிப்பொருளும் பிறக்கிறது. 2003இல் ஜாடி உணவுகளில், குறிப்பாகக் குழந்தை உணவுகளில், இது கண்டறியப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கை. செமிகார்பசைடு உணவுச் சோதனைக்கூடங்களுக்கு முன்பே பழக்கமான பெயர். கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்ட நைட்ரோஃபியூரசோன் மருந்தைப் பயன்படுத்தினார்களா என்று கண்டுபிடிக்க இறைச்சியிலும் முட்டையிலும் தேடும் அடையாளப் பொருளே அதுதான். ஜாடிக்குள் கோழியிறைச்சி இருந்தால், கிடைத்த செமிகார்பசைடு பண்ணையிலிருந்து வந்ததா மூடியிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாத நிலை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2003 அக்டோபரில் எச்சரிக்கை அறிக்கை விட்டது. 2004 ஜனவரியில் வந்த 2004/1 எண் வழிகாட்டு ஆணை அசோடைகார்பனமைடை ஊதுபொருளாகப் பயன்படுத்துவதை 2005 ஆகஸ்ட் 2 முதல் நிறுத்தியது. 2005இல் முழு மதிப்பீடு முடிந்தபோது, உணவில் காணப்பட்ட அளவுகள் கவலைக்குரியவை அல்ல என்றே ஆணையம் சொன்னது. தடை தேவையற்றது என்று இதை வைத்து வாதிடலாம். நாங்கள் அப்படி வாதிட மாட்டோம். குழந்தை உணவில், மாற்றுப்பொருள் கைவசம் இருக்கும்போது, முழு மதிப்பீட்டுக்காக இரண்டு ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் இந்த நிகழ்வின் உண்மையான பலன் வேறு: பல சோதனைக்கூடங்கள் மூடியைத் திருப்பிப் பார்த்தன.

எண்ணெயில் எஸ்போ

சுவிட்சர்லாந்தின் சூரிச் மாநில உணவுக் கட்டுப்பாட்டு ஆய்வகம் எண்ணெயில் ஊறிய ஜாடி உணவுகளை எடுத்துச் சோதித்தது: எண்ணெயில் போட்ட காய்கறி, ஆலிவ், மீன், பெஸ்டோ வகைச் சட்னிகள். 2005இல் வெளியான அதன் முடிவுகளில், வளையத்தைத் தொடும்படி எண்ணெய் மிதக்கும் உணவுகளில் எஸ்போவின் சராசரி கிலோவுக்கு 166 மில்லிகிராம், உச்சம் 580. மொத்தப் பெயர்வுக்கான, அதாவது பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் கலப்பதற்கான, வரம்பு 60. ஏதோ ஒரு தொழிற்சாலையின் தவறு என்று ஒதுக்க முடியாதபடி சராசரியே வரம்பைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். சில மூடிகளில் எஸ்போவுக்குப் பதில் தாலேட்டுகள் என்ற வேறு வகைப் பிளாஸ்டிசைசர்கள் இருந்தன. அவையும் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் அளவில் எண்ணெயில் இறங்கியிருந்தன.

எஸ்போ மிக நஞ்சான பொருள் அல்ல. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு வைத்திருக்கும் தாங்கக்கூடிய தினசரி உட்கொள்ளல் உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவர் நாளொன்றுக்கு 1 கிலோ பொதிந்த உணவு உண்கிறார் என்ற பழைய அனுமானத்தில் இது கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்றாகும். 8 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் அளவு நாளுக்கு 8 மில்லிகிராம். கிலோவுக்கு 50 மில்லிகிராம் எஸ்போ உள்ள 200 கிராம் ஜாடி ஒன்றிலேயே 10 வந்துவிடும். 2004ஆம் ஆண்டுக் கருத்துரையில் ஆணையம், ஜாடி உணவையே அதிகம் உண்ணும் 6 முதல் 12 மாதக் குழந்தைகளில் சிலர் அந்த அளவை நான்கைந்து மடங்கு தாண்டக்கூடும் என்று மதிப்பிட்டது. அதன் விளைவாக 2005/79 எண் ஆணை, குழந்தை உணவு ஜாடிகளின் பி.வி.சி. வளையங்களுக்கு எஸ்போ வரம்பைக் கிலோவுக்கு 30 மில்லிகிராமாகப் பாதியாக்கியது.

ஒரு சிறு கணக்கு

இந்த விவகாரத்தைப் புரிந்துகொள்ள ஆய்வுக் கட்டுரைகளைவிட ஒரு தாளும் பேனாவும் அதிகம் உதவும். எடுத்துக்காட்டாக 63 மில்லிமீட்டர் மூடி. வளையம் 1 கிராம். அதில் 37 சதவீதம் எஸ்போ. ஆக 370 மில்லிகிராம் எஸ்போ. ஜாடியில் 200 கிராம் உணவு. கிலோவுக்கு 60 என்ற வரம்பின்படி இந்த ஜாடியில் இருக்கக்கூடியது 12 மில்லிகிராம். வளையத்தில் உள்ள எஸ்போவில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். 100 கிராம் ஜாடி என்றால் அதிலும் பாதி.

வளையத்தில் ஒரு பகுதி கண்ணாடிக்கு வெளியே, திருகுப் பக்கம் இருக்கிறது. அது உணவைத் தொடாது. உள்ளே தெரியும் பகுதி 40 சதவீதம் என்று கொண்டால் ஏறக்குறைய 150 மில்லிகிராம் எஸ்போ உணவின் கைக்கெட்டும் தூரத்தில். எண்ணெய் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய பி.வி.சி. வளையத்திலிருந்து, ஒன்றிரண்டு ஆண்டுகளில் அதில் பாதி வெளியேறுவது வியப்பல்ல. எஸ்போவே ஒரு கொழுப்பு. கொழுப்பு கொழுப்பில் கரையும். 75 மில்லிகிராம் இறங்கினால் கிலோவுக்கு 375. சூரிச் எண்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு மர்மம் எதுவும் இல்லை.

தண்ணீர் சார்ந்த உணவில் இதே மூடி முற்றிலும் சாது. ஊறுநீரில் போட்ட வெள்ளரிக்கு எஸ்போ ஏறக்குறைய இறங்குவதே இல்லை. மூடி ஒன்றுதான், உள்ளே என்ன இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மூடி செய்பவருக்கோ தன் மூடி எந்த ஜாடிக்குப் போகிறது என்பது பெரும்பாலும் தெரியாது.

பரப்பளவா, எடையா

விதி இரண்டு மொழிகளில் பேசியது. ஒன்று கிலோவுக்கு 60 மில்லிகிராம். மற்றொன்று சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராம். 1 கிலோ உணவை 6 சதுர டெசிமீட்டர் பொதிவு சுற்றியிருக்கிறது என்ற மரபுக் கணக்கில் இரண்டும் ஒன்று. டப்பாவுக்கும் பாட்டிலுக்கும் இந்தக் கணக்கு ஓரளவு சரி. வளையத்துக்கு வரும்போது நொறுங்கிவிடுகிறது.

உள்விட்டம் 58 மில்லிமீட்டர், தெரியும் அகலம் 2 மில்லிமீட்டர் என்றால் வளையம் உணவைத் தொடும் பரப்பு 0.036 சதுர டெசிமீட்டர். அதை மட்டும் எண்ணினால் அனுமதி 0.36 மில்லிகிராம். உணவின் எடையை வைத்து எண்ணினால் 12. ஜாடி, மூடி இரண்டின் உட்பரப்பையும் சேர்த்து ஏறக்குறைய 2.2 சதுர டெசிமீட்டர் என்று எண்ணினால் 22. ஒரே மூடி, ஒரே ஜாடி, அறுபது மடங்கு இடைவெளியில் மூன்று விடைகள். எந்த விடையை எடுப்பது என்று எழுதப்படாதவரை, அவரவருக்கு வசதியான விடையை அவரவர் எடுத்துக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது.

இதற்கு மேல் ஒரு சட்டச் சிக்கல். அன்று நடப்பிலிருந்த 2002/72 எண் ஆணை, முழுக்க முழுக்க பிளாஸ்டிக்கால் ஆன பொருள்களுக்கானது. தகர மூடியில் ஒட்டிய பிளாஸ்டிக் வளையம் ‘முழுக்க பிளாஸ்டிக்’ ஆகுமா? ஆகாது என்று வாதிட்டவர்கள் சொல்லில் பிழை சொல்ல முடியாது. அந்த வாதத்தின்படி உணவைத் தொடும் பிளாஸ்டிக்குகளிலேயே அதிகச் சேர்மானம் கொண்ட ஒன்று, பிளாஸ்டிக் சட்டத்துக்கு வெளியே நின்றது. உணவுப் பொதிவு முழுவதற்குமான பொதுச்சட்டம், 1935/2004 ஒழுங்குமுறை, மனித உடல்நலத்துக்கு ஆபத்து கூடாது என்றது. ஆனால் அதில் எண்கள் இல்லை. எண் இல்லாத விதியை வைத்து எந்த அதிகாரியும் ஒரு கொள்கலனை நிறுத்திவைக்கத் துணிய மாட்டார்.

சோதனை ஏன் கண்டுபிடிக்கவில்லை

மூடிகள் சோதிக்கப்படாமல் விற்கப்படவில்லை. சோதனைச் சான்றுகள் கோப்பு கோப்பாக இருந்தன. தவறு எங்கே நடந்தது என்பதை வரிசையாகப் பார்த்தால் நான்கு இடங்கள் தெரிகின்றன.

கால அளவு முதலாவது. வழக்கமான சோதனை 40 டிகிரியில் 10 நாள். எண்ணெய் ஜாடியின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டு. பி.வி.சி. வளையத்திலிருந்து பிளாஸ்டிசைசர் வெளியேறுவது மெதுவாக, ஆழத்திலிருந்து மேற்பரப்புக்கு நகர்ந்து நகர்ந்து நடப்பது. 10 நாளில் மேற்பரப்பு காலியாகும். மீதி பின்னால் வரும். இன்றைய 10/2011 ஒழுங்குமுறை, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட அறைவெப்பச் சேமிப்புக்கு 60 டிகிரியில் 10 நாள் என்று கேட்பது இந்த வகை அனுபவங்களின் பிள்ளை.

இரண்டாவது, அழுத்தம். மேசையில் வெறும் மூடியைச் சோதிப்பதும், கண்ணாடி விளிம்பில் அழுந்தி, நீராவியில் வெந்து, வெற்றிடத்தால் உள்ளிழுக்கப்பட்டு நிற்கும் மூடியைச் சோதிப்பதும் ஒன்றல்ல. அழுந்திய வளையத்தில் உணவுப் பக்கம் பிதுங்கி நிற்கும் பகுதி புதிய மேற்பரப்பு.

மூன்றாவது, அளவிடும் முறை. சோதனையில் உணவுக்குப் பதிலாக வைப்பது மாதிரித் திரவம்; கொழுப்பு உணவுக்கு அது தாவர எண்ணெய். மொத்தப் பெயர்வை அதில் அளக்க, மூடியை முன்னும் பின்னும் எடை பார்த்து, அது உறிஞ்சிய எண்ணெயைப் பிரித்தெடுத்துக் கழிக்க வேண்டும். தகரம், அதன் லேக்கர் பூச்சு, வளையம் மூன்றும் சேர்ந்த பொருளில் சில மில்லிகிராம் வித்தியாசத்தைத் தேடுவது சாக்கு மூட்டையோடு நகையை நிறுப்பது போல. போதாததற்கு எஸ்போவும் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு வகை, மாதிரித் திரவமும் ட்ரைகிளிசரைடு. உறிஞ்சிய எண்ணெயைப் பிரிக்கும்போது வளையத்தின் எஸ்போவும் கூடவே வந்து கணக்கைக் கெடுக்கும்.

நான்காவது மாதிரி எடுக்கும் இடம். பிளாஸ்டிசைசர் மேலே மிதக்கும் எண்ணெயில் குவிந்திருக்கும். கரண்டியால் நடுவிலிருந்து காய்த் துண்டுகளை எடுத்துச் சோதித்தால் அழகான, குறைந்த எண் கிடைக்கும்.

உணவில் எஸ்போவை நேரடியாக அளக்கும் வழி 1980களிலிருந்தே உண்டு. கொழுப்பைப் பிரித்தெடுத்து, சோடியம் மெத்தாக்சைடால் மெத்தில் எஸ்டர்களாக்கி, எபாக்சி தொகுதிகளைச் சைக்ளோபென்டனோனோடு வினைப்படுத்தி டைஆக்சோலேன்களாக்கி, வாயு நிறப்பகுப்பு–நிறை நிரல் கருவியில் பார்ப்பது. சோயா எண்ணெயில் லினோலியிக் அமிலமே பாதிக்கு மேல் என்பதால், அதிலிருந்து வரும் இரட்டை எபாக்சி அமிலத்தை அடையாளமாகக் கொள்வார்கள். உணவு எண்ணெய் பழசாகி ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒற்றை எபாக்சி அமிலங்கள் தாமாகவே உண்டாகலாம், இரட்டை எபாக்சி அந்த அளவில் வராது. வேலை கூடுதல், ஆனால் குழப்பம் இல்லை. கருவியும் முறையும் இருந்தன. எண்ணெய் ஜாடியைத் திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு.

2007: தற்காலிக வரம்பு என்ற சங்கடம்

எண்கள் வெளியானபின் கடைகளில் இருந்த எண்ணெய் ஜாடிகளில் பெரும்பகுதி வரம்பு மீறியவை என்பது தெளிவாயிற்று. அத்தனையையும் திரும்பப் பெறுவதா? மாற்று மூடி சந்தையில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணைக்குழு இரண்டு காரியம் செய்தது.

2007/19 எண் ஆணை, உலோக மூடியின் வளையமும் பிளாஸ்டிக் சட்டத்துக்குள் வரும் என்று ஐயத்துக்கிடமின்றி எழுதியது. அதே ஆணை தாலேட்டுகளுக்கும் வரம்பு வைத்தது: டி.ஈ.எச்.பி.க்குக் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம், டி.பி.பி.க்கு 0.3, டி.ஐ.என்.பி., டி.ஐ.டி.பி. இரண்டும் சேர்த்து 9.

கூடவே 372/2007 ஒழுங்குமுறை, கொழுப்பு உணவுகளின் மூடி வளையங்களுக்கு எஸ்போவும் அதன் மாற்றுகள் சிலவும் சேர்ந்து கிலோவுக்கு 300 மில்லிகிராம் வரை 2008 ஜூன் 30 வரை இருக்கலாம் என்றது. பிறகு 597/2008 ஒழுங்குமுறை அதை 2009 ஏப்ரல் 30 வரை நீட்டியது.

300 என்ற எண் பலரை முகம் சுளிக்க வைத்தது. ஐந்து மடங்கு! ஆனால் 60 கிலோ எடையுள்ளவர் அப்படிப்பட்ட உணவை நாளுக்கு 200 கிராம் உண்டால்தான் 60 மில்லிகிராம் வரும். எண்ணெயில் ஊறிய தக்காளியைத் தினமும் 200 கிராம் உண்பவர்கள் அதிகம் இல்லை. உடல்நலக் கணக்கில் 300 ஓரளவு தாங்கும். எங்கள் மறுப்பு வேறிடத்தில். இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தபோது, அந்த இரண்டு ஆண்டில் என்னென்ன மாற்றுப்பொருள் எந்த அளவில் சேர்க்கப்படுகிறது என்று பதிவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விளைவு அடுத்த பகுதி.

ஒன்றை எடுத்து இன்னொன்றை வைத்தல்

எஸ்போவைக் குறைக்கச் சொன்னால், வளையத்தின் 37 சதவீதத்தை வேறு எதனாலாவது நிரப்பியாக வேண்டும். அசிட்டைல் ட்ரைபியூட்டைல் சிட்ரேட் வந்தது. இதுவும் பட்டியலில் உள்ளது, இதுவும் எண்ணெயில் ஓடிவிடும். சிறிய மூலக்கூறு என்பதால் எஸ்போவைவிட வேகமாகவே ஓடும். இரண்டு மூன்று பிளாஸ்டிசைசர்களைக் கலந்து, ஒவ்வொன்றும் தன் தன் வரம்புக்குள் நிற்பதுபோல் பார்த்துக்கொள்ளும் உத்தியும் இருந்தது. தனித்தனி வரம்பை மட்டும் சோதிப்பவர் கண்ணில் மொத்தம் படாது.

கொஞ்சம் அறிவோடு செய்த மாற்று பாலியடிபேட்டுகள். அடிபிக் அமிலத்தின் நீண்ட சங்கிலிப் பாலியெஸ்டர்; மூலக்கூறு பெரியது, எனவே மெதுவாக நகரும். மூலக்கூறு எடை 1000 டால்ட்டனுக்கு மேல் இருந்தால் குடல் உறிஞ்சாது என்பது மதிப்பீட்டில் வழக்கமான கோடு. ஆனால் பாலியெஸ்டர் என்றால் ஒரே நீளச் சங்கிலி அல்ல. குட்டைச் சங்கிலிகளும், இரு முனையும் சேர்ந்து வளைந்துகொண்ட குட்டை மூலக்கூறுகளும் (ஒலிகோமர்கள்) அதில் இருக்கும். எண்ணெய் முதலில் பொறுக்கி எடுப்பது இந்தக் குட்டைகளைத்தான். வாங்கும்போது சராசரி மூலக்கூறு எடையைக் கேட்பது பயனில்லை. 1000க்குக் கீழுள்ள பங்கு எத்தனை சதவீதம் என்று கேட்க வேண்டும். இன்னொரு நடைமுறைத் தொல்லை: பாலியடிபேட் பிசுபிசுப்பானது, பசை முனைக்குழாயில் ஓட மறுக்கும். இலகுவாக்கக் கொஞ்சம் எஸ்போவையோ சிட்ரேட்டையோ சேர்ப்பார்கள். பத்து சதவீதம் எஸ்போ என்றால் மேலே சொன்ன கணக்கில் 100 மில்லிகிராம். 12க்கு மேல் இறங்கக் கூடாது. இடம் இருக்கிறது, தாராளமாக இல்லை.

பி.வி.சி.யையே விட்டு, பிளாஸ்டிசைசர் தேவையில்லாத பாலியோலிஃபின் சார்ந்த, ரப்பர் போன்ற வெப்பநெகிழ் எலாஸ்டோமர்களுக்குப் போவது மூன்றாவது வழி. எண்ணெய் உணவுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதையே. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. மெதுவாக்க வெள்ளை எண்ணெய் (சுத்திகரித்த கனிம எண்ணெய்) சேர்த்த வகைகள் உண்டு. பாலியோலிஃபினின் குட்டைச் சங்கிலி ஒலிகோமர்களும் எண்ணெயில் கரையும். வளையம் கொஞ்சம் விறைப்பு என்பதால், பழைய மூடியின் அழுத்தமும் நீராவி நேரமும் அப்படியே பொருந்தாது. மூடும் இயந்திரத்தை மாற்றாமல் மூடியை மட்டும் மாற்றினால் முதல் மாதமே வெற்றிடம் இழந்த ஜாடிகள் திரும்பி வரும்.

2011இல் சூரிச் ஆய்வகத்தின் முன்முயற்சியில் பல ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து இதே எண்ணெய் ஜாடிகளைச் சோதித்தன. தற்காலிக அவகாசம் முடிந்து இரண்டு ஆண்டு. வரம்பு மீறிய மூடிகள் அப்போதும் கிடைத்தன. இணக்கச் சான்றிதழ் அவற்றில் பலவற்றுக்கும் இருந்தது. பெரும்பாலானவை எந்த உணவுக்கு, எத்தனை காலத்துக்கு, எந்த ஜாடி அளவுக்கு என்று சொல்லாத சான்றுகள்.

10/2011: எண்ணும் முறையை எழுதிவைத்தல்

2011 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த 10/2011 ஒழுங்குமுறையின் 17ஆம் பிரிவு இந்த விவகாரத்தின் நேரடித் தழும்பு. மூடி, வளையம், அடைப்பான் இவற்றுக்கு: எந்த ஜாடிக்கு என்று தெரிந்தால் அந்த ஜாடியின் உண்மையான உணவு எடையை வைத்துக் கிலோவுக்கு மில்லிகிராம், அல்லது ஜாடி மூடி இரண்டின் மொத்தத் தொடுபரப்பை வைத்து, தெரியாவிட்டால் ஒரு மூடிக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்ல வேண்டும். கடைசி வாக்கியம் சிறியது, வலிமை பெரியது. “எங்கள் மூடி எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியாது” என்பது இனி விடையாகாது. மூடிக்கு எத்தனை என்று சொல், ஜாடிக்காரர் வகுத்துக்கொள்வார். 18ஆம் பிரிவு, உணவில் அளந்த எண்ணும் மாதிரித் திரவத்தில் அளந்த எண்ணும் மாறுபட்டால் உணவில் அளந்ததே செல்லும் என்றது.

ஜாடியில் அடைப்பவர் செய்ய வேண்டியது

மூடி வாங்கும்போது சான்றிதழைக் கேட்பதற்கு முன் மூன்று எண்களைக் கேளுங்கள்: வளையத்தின் எடை, அதில் உள்ள ஒவ்வொரு பிளாஸ்டிசைசரின் சதவீதம், 1000 டால்ட்டனுக்குக் கீழுள்ள பங்கு. கலவை ரகசியம் என்று மறுத்தால், ஒரு மூடிக்கு உச்சமாக எத்தனை மில்லிகிராம் என்பதையாவது எழுத்தில் வாங்க வேண்டும். அதையும் தராதவரிடம் எண்ணெய் உணவுக்கு மூடி வாங்காதீர்கள்.

பிறகு மேலே போட்ட கணக்கு. மூடியில் உள்ள மொத்த மில்லிகிராம், உங்கள் ஜாடிக்கு அனுமதியான மில்லிகிராம். முழுவதும் இறங்கினாலும் வரம்புக்குள் நிற்கும் என்றால் சோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். 10 சதவீதம் இறங்கினாலே மீறும் என்றால், எண்ணெய் உணவுக்கு அந்த மூடி வேண்டாம். இங்கும் சோதனைக்குப் பணம் வீண். இரண்டுக்கும் நடுவே இருப்பதைத்தான் சோதிக்க வேண்டும்.

சோதனை உண்மையான ஜாடியில், உண்மையான உணவோடு, உங்கள் இயந்திரத்தில் ஜாடியை மூடிக் கிருமிநீக்கம் முடித்தபின் நடக்க வேண்டும். சில ஜாடிகளைத் தலைகீழாக வையுங்கள். லாரியிலும் கிடங்கிலும் எண்ணெய் வளையத்தைத் தொடுவது உறுதி. 60 டிகிரியில் 10 நாளுக்குப் பிறகு ஜாடியை முழுவதும் காலி செய்து, மூடியின் உள்புறம் ஒட்டிய எண்ணெயையும் கரைப்பானால் கழுவிச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்து அதிலிருந்து மாதிரி எடுங்கள்.

ஒவ்வொரு மூடித் தொகுதியும் வந்தவுடன் ஒரு மூடியின் வளையத்தில் சிறு துண்டை வெட்டி டெட்ராஹைட்ரோஃப்யூரானில் கரைத்து, எத்தனாலால் பாலிமரை வீழ்படிவாக்கி, மேலுள்ள திரவத்தை நிறப்பகுப்புக் கருவியில் பாருங்கள். அளவு துல்லியமாக வேண்டியதில்லை. போன முறை இருந்த பிளாஸ்டிசைசர்தான் இம்முறையும் இருக்கிறதா என்பது போதும். ஒரே பொருள் எண்ணில், ஒரே நிறத்தில், வேறு கலவை வருவது இந்தத் தொழிலில் அரிதல்ல.

ரப்பர் வளையத்துக்கு மாறினால்

பிளாஸ்டிக் தொல்லை வேண்டாம், கொக்கி மூடி ஜாடிகளில் உள்ளதுபோல் ரப்பர் வளையமே போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ரப்பருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 10/2011 போன்ற பொது ஒழுங்குமுறை இல்லை, ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமான பி.எஃப்.ஆரின் 21ஆம் பரிந்துரை போன்ற தேசிய ஆவணங்களே கைகொடுக்கின்றன. ஒன்றிய அளவில் எண் உள்ள ஒரே இடம் குழந்தைகளின் பால்பாட்டில் காம்புகள்: 93/11 ஆணையின்படி கிலோ ரப்பருக்கு நைட்ரோசமீன் 0.01 மில்லிகிராம், நைட்ரோசமீனாக மாறக்கூடியவை 0.1 மில்லிகிராம். அமெரிக்காவில் மறுபயன்பாட்டு ரப்பருக்கு 177.2600 விதி: கொதிக்கும் நீரில் முதல் 7 மணி நேரத்தில் சதுர அங்குலத்துக்கு 20 மில்லிகிராம், அடுத்த 2 மணி நேரத்தில் 1, கொழுப்பு உணவுக்கு ஹெக்சேனில் 175, பிறகு 4. 175 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது திரும்பத் திரும்பப் பயன்படும் குழாய்க்கும் பட்டைக்கும் எழுதியது. ஒரே உணவோடு இரண்டு ஆண்டு உட்கார்ந்திருக்கும் வளையத்துக்கு அதைச் சான்றாகக் காட்டுவது, எஸ்போவில் நடந்த அதே எண்ணிக்கைப் பிழை.

தாலேட்டு, 2025

2023/1442 ஒழுங்குமுறை தாலேட்டு வரம்புகளை மேலும் இறக்கியது. மாற்றக்காலம் 2025 பிப்ரவரி 1இல் முடிந்தது. டி.ஈ.எச்.பி. 1.5இலிருந்து 0.6, டி.பி.பி. 0.3இலிருந்து 0.12. கொழுப்பு உணவின் மூடியில் டி.ஈ.எச்.பி.யைப் பிளாஸ்டிசைசராகச் சேர்க்க ஏற்கெனவே அனுமதி இல்லை. எனவே பலர் இந்தத் திருத்தத்தைப் படிக்கவே இல்லை.

ஆனால் கலவைத் தொட்டி ஒன்றுதான். முந்தைய நாள் தொழிற்சாலைத் தரைவிரிப்புக்கான பசை கலக்கிய தொட்டியைச் சரியாகக் கழுவாமல் மூடிப் பசையைக் கலந்தால், 0.1 சதவீதம் டி.ஈ.எச்.பி. மிச்சம் இருப்பது எளிது. 1 கிராம் வளையத்தில் அது 1 மில்லிகிராம். 200 கிராம் ஜாடியில் பழைய வரம்புப்படி 0.3 மில்லிகிராம் இறங்கலாம், இப்போது 0.12. முன்பு வளையத்தில் உள்ளதில் 30 சதவீதம் இறங்கும்வரை தப்பிய மூடி, இப்போது 12 சதவீதத்திலேயே மாட்டிக்கொள்ளும். பசை தயாரிப்பாளரிடம் கலவைப் பட்டியலோடு தொட்டி கழுவும் பதிவேட்டையும் கேட்க வேண்டியது இதனால்தான்.